நங்கூரம் பிடித்திருக்கிறதா?

பகவத்கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில், நிலைபெற்ற அறிவுடையவனின் இலக்கணத்தை அர்ஜுனனுக்கு எடுத்துரைக்கும் பகவான், 67-ஆம் சுலோகத்தில் ஓர் உவமையைக் கையாள்கிறார். புலன்கள் தத்தம் விஷயங்களில் திரிந்துகொண்டே இருக்கின்றன. அவற்றுள் ஏதேனும் ஒன்றின் பின்னால் மனம் சென்றுவிட்டால் போதும். நீர்மேல் உள்ள ஓடத்தைக் காற்று அடித்துக்கொண்டு போவதுபோல, அந்த ஒன்றே மனிதனின் விவேகத்தைக் கவர்ந்து சென்றுவிடும் என்பது அதன் கருத்து.

இந்த உவமையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓடம் உடைந்ததாகப் பகவான் கூறவில்லை. அதில் ஓட்டை விழுந்ததாகவும் கூறவில்லை. ஓடம் நன்றாகவே இருக்கிறது. இருக்க வேண்டிய இடத்தில்தான் அது இல்லை. நம்முள் பலருடைய வாழ்வில் நேர்வதும் இதுவே. இறைநம்பிக்கையை ஒரே நாளில் இழந்துவிடுபவர்கள் மிகச் சிலர். பூஜையறையில் படம் இருக்கிறது, ஜபமாலை இருக்கிறது, மாதந்தோறும் ஆன்மிகப் பத்திரிகை வீட்டுக்கு வருகிறது. ஆயினும் பத்து ஆண்டுகளுக்கு முன்பு நின்ற இடத்தில் இன்று நாம் இல்லை. எப்போது நகர்ந்தோம் என்பதும் தெரிவதில்லை.

செல்லும் ஓடத்தைக் காப்பது சுக்கான். நிற்கும் ஓடத்தைக் காப்பது நங்கூரம். ஆன்மிக வாழ்வில் முன்னேறுவது பற்றி நிறையக் கேட்டிருக்கிறோம். அடைந்த இடத்தில் நழுவாமல் நிற்பது எவ்வாறு என்பதை இன்று சிறிது சிந்திப்போம். இதற்கு ஆற்றங்கரை ஓடக்காரர்களே நமக்கு நல்ல ஆசிரியர்கள்.

கரையருகே இருப்பதால் மட்டும் காப்பு உண்டா?

தக்ஷிணேசுவரத்துக்கும் பேலூருக்கும் யாத்திரை சென்ற அன்பர்கள், ஹூக்ளி என்று வழங்கப்படும் கங்கையைக் கண்டிருப்பார்கள். கிழக்குக் கரையில் 1855-ஆம் ஆண்டு பிரதிஷ்டை செய்யப்பட்ட காளி கோயிலின் ஒன்பது சிகரங்கள் தெரியும். சற்றுத் தெற்கே, மேற்குக் கரையில் பேலூர் மடம் அமைந்துள்ளது. இவ்விடத்துக் கங்கைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. காசியில் ஓடுவதுபோல அது எப்போதும் ஒரே திசையில் ஓடுவதில்லை. வங்கக் கடலின் ஓதம் ஆற்றின் வழியே உள்ளே ஏறி வருகிறது. அப்போது கடலை நோக்கிச் சென்ற நீர் திரும்பி வடக்கு நோக்கி ஓடத் தொடங்கும். சில மணி நேரத்தில் மீண்டும் வற்றித் தெற்கே இறங்கும். ஏற்றத்தை ஜோவார் என்றும் வற்றத்தை பாட்டா என்றும் வங்காளத்தார் சொல்வர். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். ஆகவே நேற்று ஏறிய நேரத்திலேயே இன்றும் ஏறும் என்று நம்பியிருக்க முடியாது.

மாலையில் கரை சேரும் சிறு படகு, "கரைக்கு வந்தாயிற்று, இனி என்ன?" என்று இருந்துவிட்டால் விடிவதற்குள் பல கேடுகள் நேரலாம். நீர் நிறைந்திருக்கும்போது கயிற்றை இழுத்து இறுக்கிக் கட்டினால், நீர் வற்றியதும் படகு ஒருபுறம் தொங்கிக் கவிழும். நீர் வற்றியிருக்கும்போது குட்டையாகக் கட்டினால், நீர் ஏறும்போது படகு உயர முடியாமல் முன்பக்கம் அமிழ்ந்து நீர் புகும். ஆழமற்ற இடத்தில் விட்டுவிட்டால் சேற்றில் சாய்ந்து கிடந்து, திரும்பி வரும் நீரில் எழுவதற்கு முன்பே நிரம்பிவிடும். கரையை நீர் அரிக்கும் வளைவில் நிறுத்தினால் மண்ணே சரிந்து மேலே விழக்கூடும். நடு ஆற்றில் நூறு அடி நழுவினாலும் சமாளிக்க இடமுண்டு. கரையோரத்தில் பத்தடி நழுவினால் படித்துறைக் கல்லில் மோத வேண்டியதுதான்.

இது நமக்கு மிகவும் பொருந்தும் உண்மை. சத்சங்கத்துக்குப் புதிதாக வருபவர் நடு ஆற்றில் துடுப்புப் போடுபவரைப் போன்றவர். அவரிடம் அச்சம் உண்டு. அதனாலேயே விழிப்பும் உண்டு. பல ஆண்டுகளாக வருபவருக்கோ கரை பக்கத்திலேயே தெரிகிறது. துறவியர் பலரை அறிந்திருக்கிறார், நூல்களைப் படித்திருக்கிறார், பிறருக்கு எடுத்துச் சொல்லவும் அவருக்குத் தெரியும். இந்த அண்மையே தம்மைக் காக்கும் என்று அவர் மனம் தளர்ந்துவிடுகிறது. கரையருகே இருப்பது வேறு. நங்கூரம் பிடித்து நிற்பது வேறு.

எதில் பதிய வேண்டும்?

நங்கூரம் எனும் சொல் பாரசீக மொழியிலிருந்து நம் நாட்டுக்கு வந்தது. இந்தியில் லங்கர், வங்காளத்தில் நோங்கொர், தமிழில் நங்கூரம் என அது பல வடிவங்களில் வழங்குகிறது. பெயர் எதுவாயினும் அது செய்யும் வேலை ஒன்றே: கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் உள்ள உறுதியான ஒன்றை, மேலே ஆடிக்கொண்டிருக்கும் ஒன்றோடு இணைப்பது.

ஆற்றின் அடித்தரை எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. கெட்டியான களிமண்ணிலும் மணலிலும் நங்கூரத்தின் அலகு நன்கு புதையும். வழுவழுப்பான பாறையில் அது சறுக்கிக்கொண்டே போகும். நீர்ப்பூண்டு மண்டிய இடமோ ஏமாற்றும் இடம். அங்கே நங்கூரம் உடனே பிடித்துக்கொண்டதுபோல் தோன்றும். காற்று சற்று வலுத்தவுடன் பூண்டைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

நம் ஈடுபாடு எதில் பதிந்துள்ளது? திருவிழாக்கால உற்சாகத்தில் பதிந்திருக்கலாம். கூட்டத்தில் கிடைக்கும் மதிப்பில் பதிந்திருக்கலாம். நம்மிடம் அன்பாகப் பேசிய ஒருவரிடத்தில் பதிந்திருக்கலாம். இவையெல்லாம் நல்லவையே; நம்மை இங்கு அழைத்து வந்தவையும் இவையாக இருக்கக்கூடும். ஆனால் அடுத்த ஆண்டு விழாவில் நமக்குப் பொறுப்புத் தரப்படவில்லை என்றால், அன்பாகப் பேசியவர் வேறு ஊருக்குச் சென்றுவிட்டால், நாம் வருவதை நிறுத்திவிடுகிறோமா? அவ்வாறாயின் நங்கூரம் பூண்டில் சிக்கியிருந்தது என்பதே பொருள். இறைநாமம், குருவாக்கு, நித்திய அனித்திய விவேகம் ஆகியவையே கெட்டியான தரை. மனிதர்கள் வந்து போவதால் அவை குறைவதில்லை.

அனுபவமுள்ள ஓடக்காரர் நங்கூரத்தை இறக்கியவுடன் நிம்மதியாகப் படுத்துவிடமாட்டார். கயிற்றை இழுத்துப் பார்ப்பார். அதன்மீது கையை வைத்துப் பார்ப்பார். நங்கூரம் பதியாமல் தரையில் இழுபட்டால் கயிற்றில் ஓர் அதிர்வு தெரியும். பதிந்துவிட்டால் கயிறு விறைத்து அமைதியாக நிற்கும். அமைதியான நாட்களிலேயே நம் சாதனையை இவ்வாறு இழுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. புயலடிக்கும் நாளில் சோதித்துப் பார்க்க அவகாசம் கிடைக்காது.

கயிற்றின் நீளம்

படகை நிறுத்திப் பிடிப்பது நங்கூரத்தின் எடை என்றே பலரும் எண்ணுகிறோம். சில கிலோ எடையுள்ள சிறு நங்கூரம், அதைப் போல் பல மடங்கு கனமுள்ள படகை எப்படி நிறுத்துகிறது? கயிற்றின் நீளத்தில்தான் இதன் இரகசியம் இருக்கிறது. நீரின் ஆழத்தைப்போல் 5 முதல் 7 மடங்கு நீளமுள்ள கயிற்றை விடுவது வழக்கம். ஓதம் ஏறியிருக்கும்போது ஆழம் 10 அடி என்றால் 50 முதல் 70 அடி வரை கயிறு வேண்டும். நீளமான கயிறு தரையோடு தாழ்ந்து கிடந்து நங்கூரத்தைப் பக்கவாட்டில் இழுக்கும். அவ்வாறு இழுக்க இழுக்க அலகு மண்ணுக்குள் மேலும் ஆழமாகப் புதையும். குட்டையான கயிறோ நங்கூரத்தை மேல்நோக்கி இழுத்துப் பிடுங்கிவிடும். நங்கூரமும் அதேதான், தரையும் அதேதான். கயிறு குறைந்ததால் காப்பு இல்லாமற்போயிற்று.

பதஞ்சலி முனிவர் யோக சூத்திரத்தின் முதற்பாதத்தில், நெடுங்காலம், இடைவிடாமல், சிரத்தையோடு செய்யப்படும் பயிற்சியே உறுதியான நிலம் பெறும் என்கிறார். அதற்கு அவர் பயன்படுத்தும் சொல் த்ருடபூமி. பூமி என்பது நிலம். நங்கூரம் பதியும் தரையும் அதுவே. முதலில் அவர் குறிப்பிடுவது காலத்தின் நீளம். ஒரு நாள் நான்கு மணி நேரம் தியானம் செய்துவிட்டு நான்கு நாட்கள் விட்டுவிடுவது கனமான நங்கூரத்தைக் குட்டைக் கயிற்றில் கட்டுவதற்கு ஒப்பானது. ஒவ்வொரு நாளும் அதே நேரத்தில், அதே இடத்தில், கால் மணி நேரமே ஆனாலும் அமர்பவருடைய கயிறு நாளுக்கு நாள் நீள்கிறது.

இன்னொன்றும் உண்டு. தாழ்ந்து கிடக்கும் கயிறே காக்கிறது. "இத்தனை வருடம் ஜபம் செய்தேன், எனக்கு என்ன கிடைத்தது?" என்ற கேள்வி கயிற்றை மேல்நோக்கி இழுக்கிறது. பலனைக் கேட்கும் அவசரம் பதிந்திருந்ததையும் பிடுங்கிவிடும். "என்னால் இயன்றதைச் செய்கிறேன், காப்பது உன் பொறுப்பு" என்ற பணிவு, ஒவ்வொரு சோதனையிலும் நம்மை இன்னும் ஆழமாகப் பதிய வைக்கிறது. ஒரே துன்பம் ஒருவரை இறைவனிடமிருந்து விலக்குகிறது, மற்றொருவரை அவனிடம் மேலும் நெருக்கமாகக் கொண்டுசேர்க்கிறது. இரண்டும் நேர்வதைக் காண்கிறோம். இழுப்பு ஒன்றே, கயிறு கிடக்கும் விதம்தான் வேறு.

ஓசையின்றி நழுவுதல்

இனிச் சொல்லப்போவதே இந்தச் சிந்தனையின் மையம்.

நங்கூரம் பிடியிழந்து படகு நகரத் தொடங்கினால், உள்ளே இருப்பவருக்குப் பெரும்பாலும் அது தெரியாது. சத்தம் இல்லை, ஆட்டமும் அதிகமில்லை. சுற்றிலும் உள்ள நீரைப் பார்த்தால் அது படகோடு சேர்ந்தே நகர்வதால், படகு நின்றுகொண்டிருப்பதாகவே தோன்றும். பக்கத்துப் படகைப் பார்த்தும் பயனில்லை. அதுவும் சேர்ந்தே நழுவிக்கொண்டிருக்கலாம். உண்மையில், நழுவும் படகு நிலையாக நிற்கும் படகைவிட அமைதியாக இருப்பதாகத் தோன்றுவதும் உண்டு. நிற்கும் படகின் முன்பக்கத்தில் நீர் சலசலவென்று மோதும். நீரோடு போகும் படகில் அந்த ஓசை அடங்கிவிடும்.

இந்த அமைதியை நாம் அனைவரும் அஞ்ச வேண்டும். உண்மை பேசுவதாகச் சங்கல்பம் செய்துகொண்டவருக்கு அலுவலகத்தில் நாள்தோறும் ஓர் உரசல் இருக்கும். ஒருநாள் அந்த உரசல் நின்றுவிட்டால் அவர் என்ன நினைக்கிறார்? "மனம் பக்குவப்பட்டுவிட்டது" என்று நினைக்கிறார். அவர் நீரோடு போகத் தொடங்கியதும் அதற்குக் காரணமாக இருக்கலாம் அல்லவா?

அப்படியானால் நழுவலை எப்படிக் கண்டுகொள்வது? படகோட்டிகள் இதற்கு எளிய வழி வைத்திருக்கிறார்கள். கரையில் அசையாத இரண்டு பொருள்களைக் குறித்துக்கொள்கிறார்கள். ஒன்று அருகில் இருக்க வேண்டும், மற்றொன்று தொலைவில் இருக்க வேண்டும். படித்துறையில் நிற்கும் ஒரு தூணும் அதற்குப் பின்னால் நெடுந்தொலைவில் தெரியும் ஒரு கோபுரமும் போல. இரண்டும் ஒரே நேர்கோட்டில் தெரியும்படி பார்த்துக்கொள்கிறார்கள். சிறிது நேரம் கழித்து மீண்டும் பார்க்கும்போது தூண் கோபுரத்தை விட்டு விலகித் தெரிந்தால் படகு நகர்ந்துவிட்டது. கோபுரத்தை மட்டும் பார்த்தால் போதாது. தொலைவில் உள்ளதால், படகு நகர்ந்தாலும் அது அப்படியே இருப்பதாகவே தோன்றும். அருகில் உள்ளதையும் சேர்த்துப் பார்த்தால்தான் வேறுபாடு புலப்படும்.

நமக்கும் இரண்டு குறிகள் தேவை. தொலைவில் உள்ள கோபுரம் நம் இலட்சியம்: இறைவன், குருவின் உபதேசம், மகான்களின் வாழ்க்கை. அருகில் உள்ள தூண் நம் வீட்டுக்குள் இருக்கிறது. மனைவியிடம் அல்லது கணவனிடம் இன்று எப்படிப் பேசினோம்? வயதான பெற்றோர் ஒரே கேள்வியை மூன்றாம் முறை கேட்டபோது நம் குரல் எப்படி இருந்தது? வீட்டு வேலைக்கு வருபவருக்குச் சம்பளத்தை உரிய நாளில் கொடுத்தோமா? யாரும் பார்க்காதபோது கணக்கில் என்ன எழுதினோம்? இலட்சியத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது எப்போதும் அழகாக, அப்படியே தெரியும். தாம் நகர்ந்தது தெரியாது. இலட்சியத்தையும் அன்றாட நடத்தையையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்ப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

ஒருவர் இருபது ஆண்டுகளுக்கு முன்பு மந்திர தீட்சை பெற்றார் என்று வைத்துக்கொள்வோம். நாள்தோறும் ஜபம் செய்தார். பணி உயர்ந்தது, ஜபம் வாரத்தில் நான்கு நாளாயிற்று. வீடு கட்டினார்; அது ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் ஆயிற்று. கைபேசி வந்தது; ஜபத்துக்குரிய விடியற்காலை அதற்குப் போயிற்று. எந்த நாளிலும் அவர் இறைவனை வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்த ஒரு நாளிலும் அவர் பத்தடிக்கு மேல் நகரவில்லை. ஒருநாள் மருத்துவமனையில், நெருங்கிய ஒருவரின் படுக்கையருகே அமர்ந்து, பிரார்த்திக்க எண்ணிக் கண்ணை மூடுகிறார். பிடித்துக்கொள்ள உள்ளே எதுவும் அகப்படவில்லை. இவரைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. நாள்தோறும் இரவில் ஐந்து நிமிடம் கரையைப் பார்த்திருந்தால் அவர் முதல் பத்தடியிலேயே அறிந்திருப்பார் என்பதற்காகவே சொல்கிறோம்.

நழுவியது தெரிந்தால் என்ன செய்வது? ஓடக்காரர் அழுதுகொண்டிருப்பதில்லை. முதலில் இன்னும் சிறிது கயிற்றை விட்டுப் பார்க்கிறார். பல நேரங்களில் அதுவே போதும், நங்கூரம் மீண்டும் பதிந்துவிடுகிறது. பதியாவிட்டால் அதை மேலே எடுத்து, அதில் சிக்கிய பூண்டையும் குப்பையையும் நீக்கி, திரும்பவும் முறைப்படி இறக்குகிறார். விட்டுப்போன ஜபத்தை நாளைக்கே தொடங்கலாம். வெட்கப்பட்டுத் தாமதிப்பதால் படகு இன்னும் சிறிது தூரம் போவது தவிர வேறு பயன் இல்லை.

ஓதம் திரும்பும் வேளை

நன்றாகப் பதிந்த நங்கூரத்துக்கும் ஒரு சோதனை வேளை உண்டு. அது ஓதம் திரும்பும் நேரம். அதுவரை தெற்கு நோக்கி இழுத்த நீர் வடக்கு நோக்கி இழுக்கத் தொடங்கும்போது, படகு கயிற்றோடு அரைவட்டமாகச் சுழன்று மறுபுறம் போகும். ஒரு திசையில் பதிந்திருந்த அலகு, எதிர்த்திசை இழுப்பில் பெயர்ந்துவிடக்கூடும். ஆகவே நீர் திரும்பியவுடன் குறிகளை மறுபடியும் சரிபார்ப்பது வழக்கம்.

வாழ்விலும் ஓதம் திரும்பும் வேளைகள் உண்டு. திருமணம், குழந்தைப் பேறு, இடமாற்றம், பிள்ளைகள் வெளியூர் செல்லுதல், பணி ஓய்வு, துணையின் பிரிவு ஆகிய ஒவ்வொன்றிலும் இழுக்கும் திசை மாறுகிறது. பணியில் இருந்த காலத்தில் நேரமின்மையோடு போராடி நிலைபெற்ற சாதனை, ஓய்வு பெற்றபின் நிறைய நேரம் கிடைத்ததும் கலைந்துபோவதைக் காண்கிறோம். வறுமையில் இறைவனைப் பற்றியிருந்தவர் செல்வம் வந்ததும் மறப்பதும், செல்வத்தில் பக்தராக விளங்கியவர் இழப்பில் கசந்துபோவதும் உண்டு. பழைய பிடியை நம்பி உறங்கிவிடாமல், மாறிய சூழ்நிலையில் சாதனைக்கு மறுபடியும் நேரம் வகுத்துக்கொள்வதே அறிவுடைமை.

இங்கே குகனை நினைத்துக்கொள்வோம். கங்கைக் கரையில் சிருங்கிபேரபுரத்தில் ஸ்ரீராமன் தரையில் பள்ளிகொண்ட அந்த இரவில், லக்ஷ்மணனோடு குகனும் உறங்காமல் காவல் இருந்தான் என்று வால்மீகி ராமாயணம் கூறுகிறது. அயோத்தியின் இளவரசன் வனவாசியாக மாறிய காலம் அது. ஓதம் திரும்பிய இரவு. விடிந்ததும் ஓடம் கங்கையைக் கடந்தது. இரவெல்லாம் விழித்திருந்தவனே காலையில் இறைவனுக்கு ஓடம் கொண்டுவரும் பேறு பெற்றான்.

பேரலை வரும்போது

ஹூக்ளியில் சில நாட்களில் ஓதம் மெல்ல ஏறாமல் சுவர்போல எழுந்து பேரலையாகப் பாய்ந்து வரும். இதை வங்காளத்தார் பான் என்பர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இது எழும். சில வேளைகளில் 7 அடிக்கும் மேல் உயர்ந்து வந்த இந்த அலை சிறு படகுகளை அழித்திருப்பதும் உண்டு. இவ்வலை மிகக் கொடுமையாக உடைந்து சிதறுவது ஆழமற்ற கரையோரத்தில். ஆகவே அது வருவதை அறிந்த படகோட்டிகள், கரையை விட்டு ஆழமான நடு ஆற்றுக்குப் படகைக் கொண்டுசென்று, அலைக்கு முன்பக்கத்தைக் காட்டி நிற்பார்கள். ஆழத்தில் அலை படகை உயரத் தூக்கி, கீழே இறக்கிவிட்டுக் கடந்துபோகும்.

முன்பக்கத்தைக் காட்டுவது முக்கியம். நங்கூரக் கயிற்றையும் எப்போதும் முன்பக்கத்தில்தான் கட்ட வேண்டும். பின்பக்கத்தில் கட்டிய படகில், வேகமாக வரும் நீர் தாழ்ந்த பின்பக்கத்தின் வழியே ஏறி நிரம்பிவிடும். முகம் கொடுத்து நிற்கும் படகு நீரைப் பிளந்து நிற்கிறது. முதுகைக் காட்டி நிற்பது மூழ்குகிறது.

பெருந்துயரம் வரும்போது மனம் இயல்பாக ஆழமற்ற இடத்தைத் தேடும். ஏதேனும் ஒரு கேளிக்கை, ஏதேனும் ஒரு பரிகாரம், யார் மீதாவது பழி சுமத்தல் ஆகியவை அலை வந்து உடையும் மேட்டு நிலங்கள். அந்த நேரத்தில் ஆழத்துக்குச் செல்ல வேண்டும். கோரிக்கை நிறைவேறுவதற்காக மட்டும் இதுவரை பிரார்த்தித்திருந்தால், "உன் திருவுள்ளம் எதுவோ அதைத் தாங்கும் வலிமை கொடு" என்ற பிரார்த்தனைக்குச் செல்ல வேண்டும். சொற்கள் வராவிட்டால் நாமத்தை மட்டும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அருகில் ஒருவர் துணைக்கு அமர்ந்திருக்கட்டும். அழுகை வந்தால் அழலாம். துயரம் வராது என்று ஆன்மிகம் வாக்களிப்பதில்லை. ஆழத்தில் நிற்பவரைத் துயரம் கடந்துபோகும் என்பதே மகான்கள் வாழ்ந்து காட்டியது.

நங்கூரத்தை எடுக்கும் முறை

நங்கூரத்தை எடுக்காமலே விடிய விடியத் துடுப்புப் போட்டு, இருந்த இடத்திலேயே இருந்தவர்களின் கதையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். "அப்படியானால் நங்கூரம் தளைதானே?" என்று சிலர் கேட்கக்கூடும். எங்கே போட்டோம் என்பதைப் பொறுத்தது அது. உலகப்பற்றில் பதிந்தது தளை. இறைவனிடத்தில் பதிந்தது காப்பு. ஒன்றை எடுக்க வேண்டும், மற்றொன்றை இறக்க வேண்டும்.

எடுக்கும் முறையும் கற்க வேண்டியதே. தொலைவில் நின்று பலங்கொண்ட மட்டும் இழுத்தால் நங்கூரம் இன்னும் ஆழமாகப் புதையும். கயிற்றைச் சிறிது சிறிதாகச் சுருட்டிக்கொண்டே படகை நங்கூரத்துக்கு நேர் மேலே கொண்டுவர வேண்டும். கயிறு செங்குத்தாக நின்றதும், அதுவரை அசையாத நங்கூரம் எளிதாக மேலே வந்துவிடும். பற்றை விலக்குவதும் இவ்வாறே. கோபத்தையோ பொறாமையையோ தூர நின்று வைதுகொண்டிருந்தால் அது இன்னும் வேரூன்றும். "இது எங்கிருந்து வருகிறது? யாரிடம் எழுகிறது?" என்று அதன் நேர் மேலே வந்து நின்று அமைதியாகப் பார்ப்பவருக்கு அது பிடியை விட்டுவிடுகிறது. சஞ்சலம் நிறைந்த மனத்தை அப்பியாசத்தாலும் வைராக்கியத்தாலும் வசப்படுத்தலாம் என்று கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் பகவான் அர்ஜுனனுக்கு உறுதி கூறுகிறார். அப்பியாசம் நங்கூரத்தை இறக்கும் கலை. வைராக்கியம் அதை எடுக்கும் கலை. நல்ல ஓடக்காரருக்கு இரண்டும் தெரியும்.

பஞ்சாபில் குருத்வாராக்களில் வருவோர் அனைவருக்கும் வேறுபாடின்றி உணவளிக்கும் இடத்தை லங்கர் என்பர். நங்கூரத்துக்கு இந்தியில் வழங்கும் சொல்லும் அதுவே. பிறர் பசியாற்றும் இடமும் படகை நிறுத்தும் கருவியும் ஒரே பெயரில் வழங்குவது நம் சிந்தனைக்குரியது. தன்னலமற்ற தொண்டும் மனத்தை நிலைநிறுத்தும் நங்கூரமே.

இன்று இரவு உறங்கச் செல்லுமுன் விளக்கை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் அமர்வோம். தொலைவில் உள்ள கோபுரத்தை ஒருமுறை நினைப்போம். அருகில் உள்ள தூணை ஒருமுறை பார்ப்போம். இரண்டும் ஒரே கோட்டில் உள்ளனவா என்று மனத்தைக் கேட்போம். விலகியிருந்தால் கயிற்றை இன்னும் சிறிது தாழ்த்தி விடுவோம். நாளை இரவும் அவ்வாறே செய்வோம்.

கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் நம்மைப் பற்றி நிற்கும் பரம்பொருள், ஏற்றத்திலும் வற்றத்திலும் நம் அனைவரையும் நழுவாமல் காத்தருள்வாராக.